மெழுகுக்குள் ஒரு கன்னம்

துப்பறிவாளன் ரெங்கசாமி அந்த வழக்கில் அதுவரை மூன்று பேரைக் குற்றவாளி என்று கண்டுபிடித்திருந்தான். மூன்று பேருமே நிரபராதிகள். நாலாவதாக ஒருவரைக் கண்டுபிடிக்க அவனுக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றாவதாக மாட்டியவன் ஆய்வுக்கூட உதவியாளன் அர்ஜுனன். "மெழுகுக் கட்டைய மாத்துனது நீதானே?" என்று ரெங்கசாமி மேசையில் ஓங்கித் தட்டினான். தட்டிய வேகத்தில் கண்ணாடித் தகடுகள் இரண்டு கீழே விழுந்து நொறுங்கின. அந்த வழக்கில் நிரூபணமான ஒரே சேதம் அதுதான்.

"போதும்," என்றார் திசு வங்கிப் பொறுப்பாளர் டாக்டர் சீதா. "திருடன் எடுத்தத விட நீங்க உடைச்சது அதிகம்."

கேமரன் மலையில் தானா ராத்தாவுக்கு வெளியே, வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுவிட்டுப் போன கல் பங்களாவில் இருந்தது அந்தத் திசு வங்கி. கீழே சமவெளியில் உள்ள மூன்று ஆஸ்பத்திரிகள் கூட்டாக நடத்தியது. புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு வெட்டியெடுத்த சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, அலமாரி அலமாரியாக அடுக்கி வைப்பார்கள். எந்த ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்குக் கேட்டாலும் அதிலிருந்து சீவிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு மெழுகுக் கட்டையும் சீனர்கள் வைத்து ஆடும் மாஜோங் காய் அளவு. "நாலு பேரு கூடுனா ஒரு ஆட்டம் போடலாம் டாக்டர்," என்று வந்த அன்றைக்கே சொல்லி, காளியண்ணன் டாக்டரின் முறைப்பைச் சம்பாதித்திருந்தார்.

காளியண்ணன் ரெங்கசாமியின் உதவியாளர். வயதில் பத்துப் பன்னிரண்டு வருடம் மூத்தவர். காய்கறி லோரி ஓட்டுவது அவர் தொழில், துப்பறிவது திரும்பி வரும்போது. ஆகவே முதலாளி உதவியாளரை 'அண்ணே' என்பான். உதவியாளர் முதலாளியை ஆள் பார்க்கும்போது 'பாஸ்' என்பார், பார்க்காதபோது 'தம்பி' என்பார், ஆத்திரம் வந்தால் வேறு என்னென்னவோ சொல்வார்.

ரெங்கசாமி மட்டும் என்ன, பிறவித் துப்பறிவாளனா? தேயிலைக் காட்டில் பதினாறு வயதிலிருந்து மருந்துத் தொட்டி சுமந்தவன். முதுகில் பட்டை வார் அழுத்திய தழும்பு இன்னும் இருந்தது. பூச்சி மருந்து மூக்கைத் தின்றுவிட்டதால் வாசனை தெரியாது. மோப்பம் பிடிக்க முடியாத துப்பறிவாளன் கேமரன் மலையில் அவன் ஒருவன்தான். ரிங்லெட்டில் காய்கறிக் கடைக்கு மேலே அவன் மாட்டியிருந்த பூதக்கண்ணாடிப் படம் போட்ட பலகையைப் பார்த்துவிட்டு, பல் பிடுங்கும் இடம் என்று நினைத்து ஏறி வந்தவர்களே அதிகம்.

டாக்டர் சீதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்றேன். ஊசிமலைத் தோட்டத்துல வாய்ப் பரிசோதனை முகாம் போட்டோம். மணியம்மாங்கிற பேர்ல வந்த துண்டுல புற்று இருந்தது. அந்தம்மாவ ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்க பெரிய டாக்டர் வாயைத் திறந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. சந்தேகத்துக்கு அவரும் ஒரு துண்டு வெட்டி அனுப்பினார். அது சுத்தம். ரெண்டு துண்டும் ஒரே ஆளோடது இல்ல, ரத்த வகையே வேற."

"அதான் டாக்டர், யாரோ இங்க மாத்தியிருக்காங்க."

"மூணு ஆஸ்பத்திரியும் அதையேதான் சொல்லுது, ஒருத்தரை ஒருத்தர் கை காட்டிக்கிட்டு. அவங்க சண்டை கிடக்கட்டும்." டாக்டர் அந்த மெழுகுக் கட்டையை மேசையில் வைத்தார். "இது ஒரு வாயிலேருந்து வந்தது. அந்த வாய் இந்நேரம் எங்கேயோ பேசிக்கிட்டு இருக்கு. இது உள்ளுக்குள்ள வளந்துக்கிட்டு இருக்கு. நாளைக்குக் காலைல வேன் ஈப்போவுக்குப் போகுது. ஒரு கட்டில் பிடிச்சு வச்சிருக்கேன். வங்கியோட ஆராய்ச்சிக் கேஸ், செலவு கிடையாது. நாளைக்கு ஆளு போகலைன்னா அந்தக் கட்டில் வேற ஒருத்தருக்கு. எனக்குத் திருடன் வேண்டாம் ரெங்கசாமி. ஆளு வேணும்."

ரெங்கசாமி தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்த வாயைப் பத்தி வேற ஏதாவது…"

"ரொம்ப வருஷம் வெத்தலை போட்ட வாய். அது மட்டும் உறுதி."

கூட்டி எடுத்த கண்ணாடித் தூளோடு நின்ற அர்ஜுனன் கோபம் ஆறாமல் சொன்னான். "முகாம் அன்னிக்கு நான் என்னண்ணே செஞ்சேன்? பல் டாக்டர் கீழேருந்து வந்தாரு, வரிசையா வாயைத் தொறந்தாங்க. எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டுல இருந்த பேரைப் பாத்து பாட்டில்ல ஒட்டுனேன். மூஞ்சியப் பாக்கல. செம குளிருலா. எல்லாப் பொம்பளைங்களும் முக்காடு போட்டு கண்ணு மட்டும் தெரியுது. அதுக்கு என் காலரைப் புடிப்பீங்களா?"

"மன்னிச்சிடு தம்பி," என்றார் காளியண்ணன். "எங்க பாஸுக்குக் காலர் கண்டா கை சும்மா இருக்காது. அவரு சட்டையில காலர் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு."

*

கொழுந்து எடை போடும் மத்தியான நிறுவைக்கு ரெங்கசாமியும் காளியண்ணனும் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். லோரியில் கோசுக் கூடைகளுக்கு நடுவே துப்பறியும் நிலையம் வந்து இறங்கியது. மூடுபனி மலைச்சரிவில் படுத்துக் கிடந்தது. தகரக் கொட்டகையில் தராசு தொங்கியது. கூடை சுமந்த பெண்கள் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு நனைந்து ஒட்ட, வரிசையில் நின்றார்கள்.

அவர்களைப் பார்த்ததும் ரெங்கசாமியின் தோள் தானாகக் கூனியது. மருந்துத் தொட்டியின் நினைப்பு. இருபது வருடம் சுமந்தவனுக்குப் பேண்ட் சட்டை போட்டால் மட்டும் முதுகு நிமிர்ந்துவிடுமா?

கங்காணி இராமையா பெயர் கூப்பிட, ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கொக்கியில் மாட்டினாள். அப்போது ஒன்றைக் கவனித்தான் ரெங்கசாமி. வரிசையின் கடைசியில் ஆளில்லாத கூடை ஒன்று இருந்தது. நிறுக்கப் போகிற பெண்கள் ஒருத்திக்கொருத்தி சாடை காட்டிக்கொண்டு, தங்கள் கூடையிலிருந்து ஒரு பிடி இலையை அள்ளி அதில் போட்டார்கள். பார்க்கப் பார்க்க அது நிறைந்தது.

"செல்லம்மா!" என்றார் கங்காணி.

"இந்தா!" என்றது ஒரு குரல். கூடை கொக்கியில் ஏறியது. எடை எழுதப்பட்டது. கங்காணி தலையே நிமிரவில்லை.

"அண்ணே," ரெங்கசாமி கிசுகிசுத்தான். "செல்லம்மா எங்க?"

"காய்ச்சல்ல லயத்து வீட்டுல படுத்திருக்கும். இதென்ன புதுசா? நீ தொட்டி தூக்குன காலத்துல உனக்குக் கள்ளு ஏறிப் படுத்தப்ப, உன் பேருக்கு எத்தன பேரு மருந்து அடிச்சான்? பேரு வேலைக்கு வந்தாப் போதும் தம்பி. ஆளு வரணும்னு சட்டமா?"

ரெங்கசாமிக்குள் ஏதோ திரி பற்றியது. பற்றியதும் வழக்கம்போல் அவன் கையை உயர்த்தினான், கூடை ஒன்றைத் தட்டிவிட்டான், இரண்டு பெண்களிடம் ஏச்சு வாங்கினான்.

"அண்ணே! கட்டைய யாரும் மாத்தல. திருட்டே நடக்கல. முகாமுக்குப் பேரு மட்டும்தான் மணியம்மா. ஆளு வேற. ஆஸ்பத்திரிச் சீட்டு செக்ரோல்ல, அதான் தோட்டத்து ஆள் பட்டியல்ல, பேரு இருக்கவங்களுக்குத்தான் கிடைக்கும். சீட்டு இல்லாத யாருக்கோ மணியம்மா தன் பேரைக் குடுத்திருக்கு."

காளியண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அலாமா, அதிசயம்தான். தானா யோசிச்சியா?"

மணியம்மாவைத் தேடுவது சிரமமாக இல்லை. நாற்பது வயது, கட்டையான உடம்பு, கட்டையான பதில். ஈப்போவில் வெட்டிய இடம் ஆறாததால் வலது கன்னத்தை ஒதுக்கிப் பேசினாள். ஆனால் பல் வரிசை தேங்காய்ப் பூ மாதிரி வெள்ளை.

"அக்கா, வெத்தலை போடுவீங்களா?"

"சீ. அந்தக் கருமத்த யாரு போடுவா?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? 'அக்கா, உங்க பேர்ல வந்த பொண்ணுக்குப் புற்று, நாளைக்குப் போகலைன்னா தாங்காது' என்று சொல்லியிருப்பான். ரெங்கசாமி சாதாரண மனிதன் இல்லையே. பலகை மாட்டிய துப்பறிவாளன். விஷயத்தை வெளியே விட்டால் அந்தப் பெண்ணை ஒளித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "முகாமுக்கு யாரை அனுப்புனீங்க? எனக்கு எல்லாம் தெரியும்," என்றான்.

"எல்லாம் தெரிஞ்சா என்னை ஏன்யா கேக்குற?" என்றாள் மணியம்மா. "என் வாய், என் துண்டு. கீழே பெரிய டாக்டரே பாத்து சுத்தம்னு சொல்லிட்டாரு. நீ யாரு, போலீசா?"

"போலீசு மாதிரி."

"மாதிரின்னா?"

"சம்பளம் கிடையாது," என்று விளக்கினார் காளியண்ணன்.

அவள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பனிக்குள் போனாள். அதற்குள் 'போலீசு மாதிரி' என்ற வார்த்தை வரிசை முழுக்க ஓடிவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் அவனிடம் மணி என்ன என்றுகூடச் சொல்லவில்லை.

*

"பொறி வைக்கணும் அண்ணே," என்றான் ரெங்கசாமி. கொட்டகைக்குப் பின்னால் லோரிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். "வாய்க்குள்ள புண்ணு இருக்கவங்களால காரம் தின்ன முடியுமா? முடியாது. சாயங்கால நிறுவைக்கு எல்லாருக்கும் சூடா வடை குடுப்போம். பச்ச மொளகா அள்ளிப் போட்ட வடை. யாரு தின்ன முடியாம ஒளிச்சு வைக்கிறாங்களோ, அவங்கதான் ஆளு."

"சும்மா வடை குடுத்தா சந்தேகப்படமாட்டாங்களா?"

"ஏதாவது காரணம் சொல்லுங்க."

காளியண்ணன் காரணம் சொன்னார். சாயங்காலம் கொட்டகை நடுவே நின்று, ஈயத் தட்டை உயரத் தூக்கி, "தாய்மாரே! எங்க பாஸுக்குப் பொண்ணு அமைஞ்சிருக்கு! எல்லாரும் வாய்க்கு ருசியா ஒரு வடை தின்னுட்டு வாழ்த்துங்க!" என்று கூவினார்.

"எந்தக் குருட்டுப் பொண்ணு?" என்றாள் ஒருத்தி.

"குருடு மட்டுமா, மூக்கும் அடைச்சிருக்கும்," என்றாள் இன்னொருத்தி. "என்னிக்கோ அடிச்ச மருந்து வாடை இன்னும் போகல அவருகிட்ட."

சிரித்துக்கொண்டே எல்லோரும் வடை எடுத்தார்கள். ரெங்கசாமி தூணில் சாய்ந்து, தொப்பியை இறக்கி, விரலிடுக்கில் கண்காணித்தான். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. ஒருத்தியும் ஒளிக்கவில்லை. பல் போன கிழவி ஒருத்தி மூன்று தின்றாள். தட்டு காலியானது. அவன் வைத்த பொறியை எலிகள் எல்லாம் சேர்ந்து நக்கித் துடைத்துவிட்டுப் போயின.

"கல்யாணச் சாப்பாடும் இப்படித்தான் இருக்குமா?" என்று போகிற போக்கில் கேட்டாள் ஒருத்தி. "காரமே இல்ல. பச்சப் புள்ளைக்கு ஊட்டலாம்."

ரெங்கசாமி மிச்சமிருந்த ஒன்றை எடுத்துக் கடித்தான். உண்மைதான். பருப்பும் உப்பும் தவிர ஒன்றுமில்லை.

"அண்ணே, மொளகா போடச் சொன்னீங்களா?"

"கை நெறய போடச் சொன்னேன் பாஸ். அந்தப் பொம்பளையும் போட்டுச்சு, கண்ணால பாத்தேன். அப்புறம் மாவை நாக்குல வச்சு உப்புப் பாத்துச்சு. பாத்ததும் கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. அந்த மாவை அப்படியே தள்ளி வச்சுட்டு, வேற மாவுல மொளகா இல்லாம சுட்டுச்சு. பாவம், புகை அடிச்சிருக்கும்னு நான் ஒண்ணும் கேக்கல."

ரெங்கசாமி வடையை மெல்லுவதை நிறுத்தினான்.

"எந்தப் பொம்பளை?"

"புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டகைப் பக்கத்துல வடை போடுற வேலாயி. துண்ட கன்னத்தோட சேத்துக் கட்டியிருக்கும். எப்பவும் வாயில வெத்தலை போட்ட கறை…" காளியண்ணன் தானே நிறுத்திக்கொண்டார். காலித் தட்டைக் கீழே வைத்தார். "அது செக்ரோல்ல கிடையாது தம்பி. சிவப்பு ஐசி, இந்த நாட்டுக் குடியுரிமை இல்ல. வேலை பெர்மிட்டும் போயிருச்சு. அதான் வடை விக்குது."

கொட்டகையில் பெண்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்பது ரெங்கசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. வேலாயி மணியம்மா பேரில் முகாமுக்குப் போனது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். யாரைப் பிடிக்கப் பொறி வைத்தானோ, அவளிடமே போய்ப் பொறியைச் சுட்டுத் தரச் சொல்லியிருக்கிறான்.

*

அவர்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மணியம்மா முந்திக்கொண்டிருந்தாள். அணைந்த அடுப்புக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால், சின்ன உருவமாக, கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டிய வேலாயி மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இவ மேல கை வச்சே, கவாத்துக் கத்தியால வெட்டிப்புடுவேன்," என்றாள் மணியம்மா. "பெர்மிட்டு இல்லாதவள லோரியில ஏத்திக் கப்பலுக்கு அனுப்பத்தானே வந்திருக்கே?"

ரெங்கசாமி தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, இவங்களுக்கு வாயில புற்று. முகாம்ல எடுத்த துண்டுல இருக்கு. நாளைக்குக் காலைல ஈப்போவுக்குப் போனாக் காப்பாத்தலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. கட்டில் போட்டு வச்சிருக்காங்க. அவ்ளோதான்."

மணியம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

"பொய். சுத்தம்னு சொன்னாங்களே."

"யார் வாயைப் பாத்துச் சொன்னாங்க?"

"என்…" அவள் நிறுத்தினாள். "ஆபீஸ்ல என் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. போனேன். போகாட்டி இவளத் தேடுவாங்களே. வாயத் தொற, ஒரு துண்டு எடுக்கணும்னாங்க. இவளுக்காகத் தொறந்தேன். நல்ல கன்னத்த வெட்டக் குடுத்துட்டு வந்தேன். துண்டு சுத்தம்னு வந்துச்சு. பேரு ஒண்ணுதானே, இவளுதும் சுத்தம்னு நெனச்சேன். நான்தான்யா ஓடி வந்து இவகிட்டச் சொன்னேன், நம்ம பேரு தப்பிச்சுச்சுடி, இனிமே மருந்தெல்லாம் வேணாம்னு." வேலாயியைத் திரும்பிப் பார்த்தாள். "நான்தான் சொன்னேன்."

கூடையில் ஒரு பிடி இலை போடுவதைப் போலத் தன் சதையில் ஒரு துண்டைப் போட்டிருக்கிறாள். எடை சரியாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். ரெங்கசாமி தரையைப் பார்த்தான். மத்தியானமே இந்த நாலு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவள் மத்தியானமே சொல்லியிருப்பாள்.

வேலாயி சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். வாயை முழுக்கத் திறக்காமல் மெல்லப் பேசினாள்.

"விடுக்கா. நீ வேணும்னா செஞ்சே?" பிறகு ரெங்கசாமியிடம், "நான் வந்தா இவ பேரக் குடுத்தது தெரிஞ்சிடும்ல அண்ணே? செக்ரோல்லேருந்து அடிச்சிருவாங்க. லயத்து வீடும் போயிரும். மூணு புள்ள இருக்கு அவளுக்கு. அப்படின்னா நான் வரல."

*

காலையில் வங்கியின் வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே டாக்டர் சீதா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ரெண்டு துண்டு, ரெண்டு பேர். வங்கி மேல தப்பில்லைன்னு மூணு ஆஸ்பத்திரிக்கும் எழுதலாம். ஆனா பேர் எப்படி மாறிச்சுன்னு கேப்பாங்களே?"

"எழுதுங்க டாக்டர்," என்றான் ரெங்கசாமி. "துப்பறிவாளர் ரெங்கசாமி எவ்வளவோ விசாரிச்சும் அதை மட்டும் கண்டுபிடிக்க முடியலைன்னு."

"உங்க பேரு கெட்டுப் போகும்."

"இருந்தாத்தானே டாக்டர் கெடும்," என்றார் காளியண்ணன்.

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். அர்ஜுனனும் சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே.

மணியம்மாவின் பேர் வெளியே வராது என்று ரெங்கசாமி வாக்குக் கொடுத்த பிறகே கிளம்பிய வேலாயி, போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். பக்கத்தில் மணியம்மா துணிப் பையோடு. கங்காணியிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ, யாரும் கேட்கவில்லை.

"டாக்டரம்மா," என்றாள் வேலாயி. "என்கிட்டேருந்து எடுத்தத ஒரு தடவ பாக்கலாமா?"

அர்ஜுனன் போய் எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வெள்ளை மெழுகுக்குள், ஒரு துவரம்பருப்பளவு, மங்கலாக ஒரு புள்ளி. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இத்துணூண்டா? இதுக்கா மூணு ஆஸ்பத்திரி அடிச்சுக்கிச்சு?" சிரிக்கப் போய் வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அர்ஜுனனின் இன்னொரு கையைக் கவனித்தாள். "அது என்ன, இன்னொண்ணு?"

"மணியம்மாக்காவோடது. ரெண்டும் ஒரே பேர்ல இருந்ததால ஒரே தட்டுல வச்சிருந்தோம்."

வேலாயி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே டிரைவர் ஹார்ன் அடித்தான். அவள் தன் கட்டையை அர்ஜுனனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒரே தட்டுலயே இருக்கட்டும் தம்பி," என்றாள். "பேர மட்டும் மாத்தி எழுது. வேலாயி."

அர்ஜுனன் பேனாவை எடுத்தான். அவன் எழுதி முடித்து, மை காய ஊதும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் வேனில் ஏறினாள்.